சாண் விட்டுச் சாண்

சிட்னியிலிருந்து அடிலெய்டுக்குக் காரில் போகிறவர்கள், நியூ சவுத் வேல்ஸின் தென்மேற்கில் ஹே சமவெளி வந்ததும் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொள்வார்கள். தூங்கிவிடக் கூடாதே என்ற கவலை. சாலை வளைவதில்லை, நிலம் ஏறி இறங்குவதில்லை, முன்னால் போகிற லாரி அரை மணி நேரமாக அதே அளவில் தெரிகிறது. "அங்கே ஒண்ணுமே இல்லப்பா" என்று போய்ச் சேர்ந்ததும் சொல்வார்கள். இது புதிய குறையும் அல்ல. 1896-இலேயே பாஞ்சோ பேட்டர்சன் என்ற கவிஞர், சமவெளியின் வடக்கே இருக்கும் பூலிகல் என்ற சிற்றூருக்கு நரகமே தேவலை என்ற தொனியில் ஒரு நையாண்டிப் பாட்டு எழுதிவிட்டார். பாட்டு நல்ல பாட்டுதான். ஆஸ்திரேலியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அது நின்றபடி பார்த்து எழுதியது. இந்த நிலத்தைக் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விடுவது என்பதில்தான் இதன் அழகு முழுவதும் இருக்கிறது என்பது என் கட்சி. புல்லுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு கணக்கு, செடிக்கும் செடிக்கும் வேறொரு கணக்கு, வீட்டுக்கும் வீட்டுக்கும் இன்னொன்று. ஹே வட்டாரத்தின் பரப்பு சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். மக்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் முரம்பிட்ஜி ஆற்றங்கரையில் இருக்கும் ஹே ஊருக்குள்ளேயே வசிப்பவர்கள். அவர்களைக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பது செம்மறியும், காற்றும், எப்போதாவது ஒரு தகரக் கூரையும்.

ஹே ஊரிலிருந்து பூலிகலுக்கு வடக்கே போகும் சாலையில், ஏறக்குறையப் பாதி வழியில், ஒன் ட்ரீ என்று ஓர் இடம் உண்டு. ஊர் என்று சொன்னால் ஊர் கோபித்துக்கொள்ளும். மரத்தால் கட்டிய பழைய விடுதி ஒன்று நிற்கிறது. சுற்றிலும் மேய்ச்சல் நிலம், அவ்வளவுதான். 1862-இல் இங்கே முதல் சத்திரம் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே ஒரு மரம் நின்றதால் இடத்துக்கு அதுவே அடையாளமாயிற்று. அந்த மரத்தை, இருபதாம் நூற்றாண்டு பிறக்கப் போகிற தறுவாயில், ஒரு புயல் சாய்த்துவிட்டது. சில ஆண்டுகளில் சத்திரமும் எரிந்து, இப்போதிருக்கும் கட்டடம் எழுந்தது. அதிலும் மது விற்கும் உரிமம் போய்ப் பல தலைமுறை ஆகிறது. காப் நிறுவனத்தின் குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் இந்தத் தடம் முழுக்க இப்படிச் சத்திரங்கள் இருந்தன. ஒரு சத்திரத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதைக் குதிரையின் மூச்சும் மாட்டின் தாகமும் தீர்மானித்தன. மோட்டார் வந்தது, அந்தக் கணக்கு செல்லாமல் போயிற்று, சத்திரங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஒன் ட்ரீ மட்டும் தன் தாழ்வாரத்தோடு நிற்கிறது.

அங்கே இறங்கி நின்றால் முதலில் பிடிபடுவது அடிவானம். எல்லையில்லாமல் விரிகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையில் தட்டை நிலத்தில் நிற்கும் மனிதனுக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மலைநாட்டில் இதைப்போல் பத்து மடங்கு தூரம் தெரியும். இங்கே விசேஷம் என்னவென்றால், அந்த ஐந்து கிலோமீட்டரில் ஓர் அங்குலம்கூட மறைவதில்லை. குழி இல்லை, மேடு இல்லை, எதன் பின்னாலும் எதுவும் ஒளிந்திருக்க முடியாது. வெயில் ஏறியதும் பேய்த்தேர் ஓடத் தொடங்கும். தூரத்து ஆடுகளுக்குக் கால் காணாமல் போய், உடம்பு மட்டும் தரைக்கு ஒரு முழம் மேலே நகரும். வேலிக் கம்பங்கள் நீண்டு நீண்டு பனை உயரமாகும். மேகம் ஒன்று சூரியனை மறைத்த அந்தக் கணத்தில் ஆடும் கம்பமும் தத்தம் அளவுக்குச் சுருங்கிவிடும்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமவெளியின் பெரும்பகுதி சாம்பல் நிறக் களிமண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் தார் போடாத பாதையில் வண்டி போகாது. சக்கரத்தில் மண் அப்பி அப்பி வண்டியே நின்றுவிடும். கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மண்ணியலார் வகைப்பாட்டில் இதுவும் நம் கரிசலும் ஒரே குடும்பம். ஆனால் அங்கங்கே, சாம்பல் களிமண்ணுக்கு நடுவில், திட்டுத் திட்டாகக் கெட்டிச் செம்மண் கிடக்கிறது. சத்துக் குறைந்த மண். உழவன் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவான். கதை அந்தச் செம்மண் திட்டுகளில்தான் இருக்கிறது. அதற்கு முன் உப்புச்செடி.

சால்ட்புஷ் என்று அவர்கள் சொல்வதை உப்புச்செடி என்றே சொல்லலாம். முழங்கால் உயரப் புதர். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை என்று சொல்ல மனம் வராது. வெள்ளியில் கொஞ்சம் சாம்பல் கலந்த ஒரு நிறம். இலையைக் கிள்ளி விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒன்று ஒட்டும்; நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். மண்ணிலிருந்து வேர் உறிஞ்சும் உப்பை இந்தச் செடி இலையின் மேல்தோலில் இருக்கும் நுண்ணிய பைகளுக்குத் தள்ளிவிடுகிறது. பை நிறைந்ததும் வெடித்துக் காய்ந்து இலைமேல் வெள்ளைப் படலமாகப் படிகிறது. அந்தப் படலம் வெயிலைத் திருப்பி அடிக்கிறது. ஆக, உள்ளே இருந்தால் கொல்லக்கூடிய உப்பை வெளியே எடுத்துக் குடையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது செடி. ஆண்டுக்கு 350 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் ஊரில், அந்த மழையும் தவறும் ஆண்டுகளில், பிழைத்துக் கிடப்பதற்கு இது ஒரு வழி.

ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம். நெருங்கி வளர்ந்தால் வேர்கள் ஈரத்துக்கு அடித்துக்கொள்ளும் என்பதால் இந்த விலகல். நடுவில் உள்ள வெற்றுத் தரையில் மழைக்குப் பிறகு சிறு பூண்டுகளும் ஒருபருவப் புற்களும் முளைக்கும். செம்மறிக்கு உண்மையில் பிடித்தது அவைதான். அவை தீர்ந்த பிறகே உப்புச்செடியில் வாய் வைக்கும். வைத்துவிட்டால் தாகம் தாங்காது, தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராது. உப்புச்செடியை மேயும் ஆட்டுக்குப் புல் மேயும் ஆட்டைவிடப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். ஆகவே இங்கே பண்ணைக்காரருக்குத் தீவனக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் ஒன்றுதான். தொட்டியிலிருந்து எவ்வளவு தூரம்வரை செடிகள் மொட்டையாகியிருக்கின்றன என்று பார்த்தாலே அந்தப் பண்ணையை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இனி செம்மண் திட்டு. அங்கே பிளெயின்ஸ் வாண்டரர் என்று ஒரு பறவை இருக்கிறது. கைக்குள் அடங்கும். பார்த்தவர்கள் காடை என்றுதான் சொல்வார்கள். காடைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. கடற்கரையில் அலை ஓரமாக ஓடித் திரியும் உள்ளான் போன்றவைதான் இதன் உறவினர்கள், அவற்றிலும் மிக நெருங்கியவை தென் அமெரிக்காவில் இருக்கின்றன. உலகத்தில் இந்தக் குடும்பத்துக்கு இந்த ஓர் இனம்தான் மிச்சம். பெரிதாகவும் அழகாகவும் இருப்பது பெண்: கழுத்தைச் சுற்றிக் கறுப்பில் வெள்ளைப் புள்ளியிட்ட பட்டை, அதன் கீழே மார்பில் செங்காவி. ஆண் வெறும் பழுப்பு. முட்டையிட்டதோடு பெண்ணின் வேலை முடிந்தது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. பெண் மாடு முனகுவதுபோல் ஆழ்ந்த குரலில் கூப்பிட்டு எல்லையைக் காத்துக்கொண்டு, முடிந்தால் இன்னொரு ஆணையும் தேடிக்கொள்ளும். சரியாகப் பறக்க வராது. ஆபத்து என்றால் அசையாமல் உட்கார்ந்துவிடும். யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் கால் விரல் நுனியில் எம்பி நின்று கழுத்தை நீட்டும்.

இந்தப் பறவை கேட்கும் வீட்டின் அளவுகளைப் பறவையியலாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு அலுக்காத அளவுகள் அவை. தரையில் பாதி வெறுமையாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு காய்ந்து விழுந்த சருகு. மீதி நாற்பது சதவீதம் புல்லும் பூண்டும். அந்தப் புல்லும் பூண்டும் பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக முப்பது சென்டிமீட்டர்வரை உயர்ந்த புல் கொத்து இருக்கலாம். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே பத்திலிருந்து இருபது சென்டிமீட்டர், அதாவது சாணுக்குச் சற்றுக் குறைவு. இதைவிட நெருங்கினால் பறவையால் ஊடே ஓட முடியாது, வருகிற நரியைப் பார்க்கவும் முடியாது. இதைவிட விலகினால் பருந்திடமிருந்து ஒளிந்துகொள்ள இடம் இல்லை. எம்பிப் பார்ப்பதற்குத் தாழ்ந்த புல், பதுங்குவதற்கு உயர்ந்த புல். இரண்டும் எட்டிய தூரத்தில்.

கெட்டிச் செம்மண்ணை உழவன் ஒதுக்கினானே, அந்த ஏழ்மைதான் பறவைக்கு வாழ்வு. சத்துள்ள களிமண்ணில் நல்ல மழைக்குப் புல் அடர்ந்து மூடிவிடும். செம்மண்ணில் சாதாரண ஆண்டுகளில் அப்படி வளராது. சாண் விட்டுச் சாண் என்று நின்றுவிடும். 2010-லும் 2011-லும் பெருமழை பெய்தபோது செம்மண்ணிலும் புல் அடர்ந்தது. ஊரே மகிழ்ந்தது. இந்தப் பறவையின் எண்ணிக்கையோ சரிந்தது. வறட்சியில் ஆட்டை அளவுக்கு மீறி விட்டாலும் இதே கதி, எதிர்ப்பக்கமாக. இன்று வயது வந்த பறவைகள் மொத்தம் ஆயிரத்துக்குள்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஹே ஊருக்குத் தென்கிழக்கே ஊலம்பியன் என்று இருபதாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பழைய மெரினோ செம்மறிப் பண்ணை ஒன்றை, முக்கியமாக இந்தப் பறவைக்காகவே, அரசு வாங்கி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாக்கியது. தேசியப் பூங்கா என்றால் ஆடு மாட்டை விரட்டிவிட்டு வேலி போடுவதுதான் வழக்கம். இங்கே புல் அடர்ந்துவிட்டால் செம்மறியை உள்ளே விட்டு மேயவைக்கிறார்கள். எப்போது விடுவது, எத்தனை நாளில் திருப்பி ஓட்டுவது என்பதுதான் வித்தை. காப்பாற்ற வேண்டிய பறவையின் வீட்டை ஆட்டின் பல் செதுக்கித் தருகிறது. தனியார் பண்ணைகளிலும் இதே கணக்கைக் கண்ணளவாலேயே போடத் தெரிந்த பண்ணைக்காரர்கள் உண்டு. உழுதுவிட்டால் எல்லாம் முடிந்தது. ஒருமுறை ஏர் போன பூர்விகப் புல்வெளி பழைய இடைவெளிகளோடு திரும்பி வருவதில்லை. பாசனம் வந்த பகுதிகளில் இப்போது பருத்தி விளைகிறது. பச்சைப் பசேல் என்று இருக்கிறது என்று வழிப்போக்கர்கள் அங்கேதான் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்!

இந்தச் சமவெளியில் கல் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கூழாங்கல்கூடத் தேடித்தான் எடுக்க வேண்டும். இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த பழங்குடியினர் மண்ணில் குழி வெட்டிச் சமைத்தவர்கள். குழி அடுப்புக்குச் சூட்டைப் பிடித்து வைக்கக் கல் வேண்டுமே? களிமண்ணை உருட்டிச் சுட்டுக் கல்லாக்கிக்கொண்டார்கள். சம்பங்கோரைக் கிழங்கை அதில் வேகவைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாம்பலும் சுட்ட மண்ணும் சேர்ந்து சேர்ந்து மேடாயின. தட்டை நிலத்தில் இன்று காணும் மெல்லிய மேடுகளில் பல இப்படிச் சமையலில் எழுந்தவை. மேற்கே காயினி என்ற பெரும் ஆற்றுப்படுகை நிலம் இப்போது நாரி நாரி பழங்குடி மக்களின் கைக்கே திரும்பியிருக்கிறது. அங்கே வெள்ளம் பரவினால் இந்த மேடுகள்தான் தண்ணீருக்கு மேல் நிற்கும்.

பண்ணை வீட்டார் ஒருவரையொருவர் பார்ப்பது அரிது என்பதால் வேலிக்கும் கதவுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. திறந்திருந்த கதவைத் திறந்தபடியே விட்டுப் போ, மூடியிருந்ததை மூடிவிட்டுப் போ. நல்லெண்ணத்தில் ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போனால், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட மந்தை தண்ணீருக்கு வர முடியாமல் சாகும். கதவை யார் எதற்காகத் திறந்து வைத்தார் என்று கேட்க நான்கு பக்கமும் ஆள் இருக்காது. பெரிய வறட்சியில் பண்ணைக்குள் தீவனம் தீர்ந்தால் மந்தையைச் சாலையோர மேய்ச்சல் தடத்தில் இறக்கிவிடுவார்கள். காப் நெடுஞ்சாலையை ஒட்டிய தடம் அப்படிப்பட்டது. அதற்கும் சட்டம் உண்டு: செம்மறி நாளொன்றுக்கு இவ்வளவு தூரமாவது நகர வேண்டும், ஒரே இடத்தில் தங்கிச் சுரண்டக் கூடாது.

இவ்வளவு இடைவெளியையும் மேய்ந்து ஆடு எதைச் செய்கிறது? ரோமத்தை. ஹே ஊருக்குத் தெற்கே வாங்கனெல்லாவில் 1860-களில் பெப்பின் குடும்பத்தார் வளர்த்தெடுத்த மெரினோ வகையின் ரத்தம்தான் இன்று ஆஸ்திரேலிய மெரினோக்களில் பெரும்பாலானவற்றில் ஓடுகிறது. எலும்பு பெருத்த உடம்பு, தண்ணீருக்கு வெகுதூரம் நடக்கும் கால், புழுதியை உள்ளே விடாத எண்ணெய்ப் பசையுள்ள ரோமம் என்று இந்தச் சமவெளிக்கென்றே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தார்கள். ஆட்டின் வெளித்தோற்றம் ஒன்றும் பார்க்கச் சகிக்காது: அழுக்குச் சாம்பல், முதுகில் புழுதி அடை. இரண்டு கையாலும் ரோமத்தைப் பிளந்து பார்க்க வேண்டும். விரற்கடை ஆழத்துக்குள் புழுதி நின்றுவிடும். அதற்குக் கீழே பாலாடை நிறம், ஈரம்போல் மினுங்கும் எண்ணெய், ஒரே அளவில் சின்னச் சின்ன நெளி. இழையின் தடிமன் இருபது மைக்ரானை ஒட்டி. நம் தலைமுடி அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் எல்லோரும் கத்தரிப்பவரையே பார்ப்பார்கள். அவர் வேகம் அப்படி. 1876-இல் டோகன்மெயின் என்ற பண்ணையின் ஒரே கொட்டகையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைக் கத்தரித்தார்கள். ஹே ஊரில் 2002-இல் திறந்த ஷியர் அவுட்பேக் அருங்காட்சியகத்திலும் கூட்டம் நிற்பது கத்தரியைச் சுற்றித்தான். எனக்கு அதற்கு அடுத்த இரண்டு பேர்மேல்தான் கண். முதலாமவர், கத்தரித்த ரோமம் முழுப் போர்வையாகத் தரையில் விழுந்ததும் அதை ஒரு குறிப்பிட்ட விதமாகக் கோலி எடுத்து, சட்டமடித்த மேசைமேல் வீசுவார். காற்றில் விரிந்து, தோல் பக்கம் கீழாக, நுனி மேலாக, நான்கு ஓரமும் மேசையின் நான்கு பக்கம் தொங்கும்படி ஒரே வீச்சில் விழ வேண்டும். மடிந்து விழுந்தால் பிரிப்பதற்கு நேரம் போகும், அடுத்த ஆடு காத்திருக்காது. அழுக்கு ஓரங்களைக் கிழித்து எடுத்த பிறகு இரண்டாமவர் வருவார், தரம் பிரிப்பவர். நடுவிலிருந்து பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையை உருவுவார். இரண்டு முனையையும் இரு கையால் இழுத்துப் பிடித்துக் காதருகே கொண்டுபோய் ஒரு விரலால் சுண்டுவார். தந்திபோல் கணீரென்று ஒலித்தால் நல்ல ரோமம். சரக்கென்று கேட்டால் உள்ளே எங்கோ இழை மெலிந்திருக்கிறது.

ரோமம் ஆடு தின்றதை அப்படியே எழுதிக்கொண்டு வளர்கிறது. தீவனம் இல்லாத வாரங்களில் இழை நிற்பதில்லை, மெலிகிறது. மழை வந்து பச்சை கிடைத்ததும் மறுபடி தடிக்கிறது. அந்த மெலிந்த இடத்தில்தான் பிறகு அறுபடும். ஓராண்டில் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்த கற்றை என்றால் ஒவ்வொரு மாதத்துக்கும் முக்கால் சென்டிமீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அக்டோபரில் கத்தரித்த கற்றை நட்டநடுவில் அறுந்தால் ஏப்ரலைக் காட்டுகிறது. தென்பாதி உலகில் ஏப்ரல் இலையுதிர் காலம். கோடையில் எரிந்த நிலத்துக்கு முதல் மழை வந்து புல்லை எழுப்ப வேண்டிய மாதம். தரம் பிரிப்பவர் அந்தப் பண்ணைக்கு முன்பின் வராதவராக இருக்கலாம். அவருக்கு மழைக்கணக்குப் புத்தகம் தேவையில்லை. மழை எப்போது தவறியது என்று விரலாலேயே சொல்லிவிடுவார்.

சந்தையில் இதற்குப் பெயர் குறை. நடுவில் அறுபடும் ரோமத்தை ஆலையில் சீவும்போது துண்டு துண்டாகிச் சேதாரம் கூடும் என்பதால் ஏலத்தில் கிலோவுக்குக் குறைத்துத்தான் கேட்பார்கள். ஏப்ரலில் மழை வராமல் தீவனம் வாங்கிப் போட்ட பண்ணைக்காரர், அதே ஏப்ரலுக்காக அக்டோபரில் இரண்டாம் முறையும் பணம் கட்டுகிறார்.